எளிய மரவீட்டின் மரபுரிமை மதிப்பு: நியூசிலாந்துக் குடியேற்றக் கால வீடுகளை முன்வைத்து

நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில், நகர மையத்திலிருந்து மேட்டுப் பக்கமாக ஏறும் நெய்ர்ன் தெருவில், 1858ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஒரு சிறிய மரவீடு இன்றும் நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டு கப்பலேறி வந்த வில்லியம் வாலிஸ் என்ற தச்சர் தம் மனைவி கேத்தரினோடு குடியிருப்பதற்காகக் கட்டிய வீடு அது. அங்கே எந்த உடன்படிக்கையும் கையெழுத்தாகவில்லை. ஆளுநரோ கவிஞரோ அங்கு பிறக்கவில்லை. கட்டடக் கலைஞர் எவரும் அதற்கு வரைபடம் போட்டுத் தரவில்லை. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதில் சமைத்து, உண்டு, பிள்ளை பெற்று, நோயுற்று வாழ்ந்தார்கள் என்பதே அதன் வரலாறு. 1970களில் அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் எண்ணத்தில் வீட்டை இடிக்க நகராட்சி முனைந்தபோது, மக்கள் திரண்டு எழுப்பிய எதிர்ப்பால் அது காப்பாற்றப்பட்டு, 1980இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புகழும் பேரழகும் இல்லாத ஒரு தொழிலாளியின் வீட்டை ஒரு நாடு தன் மரபுரிமையாகக் கொள்வது எந்த அடிப்படையில் என்பதும், அந்த மதிப்பு வீட்டின் எப்பகுதியில் தங்கியிருக்கிறது என்பதும், அதை எவ்வாறு காப்பது முறை என்பதும் இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

இவ்வகை வீடுகள் மரத்தால் அமைந்ததற்கு மரம் மலிவாகக் கிடைத்தது மட்டும் காரணமன்று. 1840 ஜனவரியில் வெலிங்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய ஆங்கிலேயக் குடியேறிகளுக்கு முதலில் தங்குமிடம் தந்தவை, மாவோரி மக்களின் கைத்திறனால் எழுந்த கோரைக் குடிசைகளே. ராவுபோ எனப்படும் சதுப்புநிலக் கோரையை அடர்த்தியாகக் கட்டிச் சுவரும் கூரையும் அமைக்கும் அம்முறை குளிருக்கு இதமானது. ஆனால் அடுப்புப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். ஆகவே 1842இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், நகர எல்லைக்குள் இருந்த ராவுபோ வீடுகளுக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு வரி விதித்து அவற்றைப் படிப்படியாக ஒழிக்க வழிசெய்தது. இங்கிலாந்தில் பழகிய கண்ணுக்குக் கௌரவமான வீடு என்றால் செங்கல் வீடுதான். எனவே வசதி வந்தவர்கள் செங்கல்லுக்குத் திரும்பினார்கள். அந்த நம்பிக்கையை 1848 அக்டோபரில் வந்த நிலநடுக்கம் தகர்த்தது. செங்கல், மண், கல் ஆகியவற்றால் கட்டிய பெரும்பாலான கட்டடங்கள் பிளந்தன. இடிபாடுகளில் சிக்கி ஒரு தந்தையும் அவருடைய இரு பிள்ளைகளும் இறந்தனர். 1855 ஜனவரி 23 இரவு வந்த வைராரப்பா நிலநடுக்கம் அதைவிடப் பெரியது. அதன் அளவு 8.2 ஆக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தவர் கணித்துள்ளனர். வெலிங்டன் கரையே ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேலெழுந்த அந்த அதிர்வில் நகரத்தில் உயிரிழப்பு ஒன்றே ஒன்றுதான். அதுவும் செங்கல் புகைபோக்கி சரிந்து விழுந்ததால் நேர்ந்தது. முதல் பாடத்தைக் கற்று மரத்துக்கு மாறியிருந்த நகரம் இரண்டாம் முறை பெருமளவு தப்பியது.

மரவீடு நிலநடுக்கத்தைத் தாங்குவதன் காரணம் எளிமையானது. மரச்சட்டகம் எடை குறைந்தது என்பதால் நிலம் அசையும்போது அதன்மேல் விழும் விசையும் குறைவு. மேலும் ஆணியடித்த ஒவ்வொரு இணைப்பும் சிறிதே நெகிழ்ந்து கொடுத்து அதிர்வின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது. சட்டகத்தின்மேல் குறுக்காக அறைந்த பலகைகள் வீடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாதபடி பிடித்து நிறுத்துகின்றன. 2011 பிப்ரவரி 22 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 185 பேர் உயிரிழந்தபோதும் இதே உண்மை வேறு வடிவில் வெளிப்பட்டது. சரிந்த கான்கிரீட் அலுவலகங்களும் தெருவில் கொட்டிய செங்கல் முகப்புகளும் உயிர்களைப் பறித்தன. பழைய மரவீடுகளோ பெரும்பாலும் புகைபோக்கியை மட்டும் இழந்து நின்றன. 1850களின் தச்சர்கள் பட்டறிவால் எடுத்த முடிவு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் செல்லுபடியாவதைக் காட்டிய நிகழ்ச்சி அது.

இந்நாட்டில் ஐரோப்பியர் கட்டியவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடமும் ஒரு மரவீடே. வடக்கே கெரிகெரியில் 1821-22இல் கிறித்தவ சமயப் பணியாளர்களுக்காகக் கட்டப்பட்ட அது கெம்ப் இல்லம் என்று அறியப்படுகிறது. வைத்தாங்கியில் பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியின் வீட்டுக்குச் சட்டகத்தைச் சிட்னியிலேயே அறுத்துச் செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்து 1833-34இல் பொருத்தினார்கள். பிரித்தெடுத்து மீண்டும் கூட்டக்கூடிய பொருளாக மரவீடு தொடக்கம் முதலே இருந்தது என்பதற்கு இது சான்று. அந்த இயல்பு மரபுரிமை மதிப்பீட்டில் ஒரு சிக்கலாகவே பின்னாளில் திரும்பிவருகிறது.

வீடுகளுக்குப் பயன்பட்ட மரங்களுள் முதன்மையானது கவுரி. நாட்டின் வடபகுதியில் மட்டும் வளரும் இம்மரம், கிளையே இல்லாத நெடிய தண்டும் கணுவற்ற நேர்த்தியான நாரும் உடையது. கப்பல் பாய்மரத்துக்கும் வீட்டுப் பலகைக்கும் இதற்கு இணை இல்லை என்று தச்சர்கள் கொண்டாடினார்கள். ஏறத்தாழ 12 லட்சம் ஹெக்டேர் பரவியிருந்ததாகக் கணிக்கப்படும் கவுரிக் காடு, ஒரு நூற்றாண்டு வெட்டுக்கும் எரிப்புக்கும் பின் சில ஆயிரம் ஹெக்டேர்களாகச் சுருங்கிவிட்டது. தென்பகுதியில் சட்டகத்துக்கு ரிமுவும், தரைக்கு மட்டாயும், மண்ணில் பதியும் அடிக்கால்களுக்கு எளிதில் மட்காத டோட்டாராவும் பயன்பட்டன. எந்த மரம் எவ்விடத்துக்கு உகந்தது என்ற அறிவில் மாவோரி மக்கள் குடியேறிகளுக்கு மூத்தவர்கள். நிலத்தடியில் டோட்டாரா நீடித்து நிற்கும் என்பது கோட்டைவேலி கட்டிப் பழகிய அவர்கள் முன்பே அறிந்த செய்தி.

ஒரு சிறிய வீட்டின் சுவரை வெளியிலிருந்து உள்ளே ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்த்தால், அதன் கட்டுமானமும் அதில் வாழ்ந்தவர்களின் நிலையும் சேர்ந்தே புலப்படும். மழைநீர் உள்ளே இறங்காதபடி மேற்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின்மேல் படிய, கிடைமட்டமாக அறைந்த பலகைகளே வெளிச்சுவர். அதன் பின்னே சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நிற்கும் நெட்டுக்கால்கள். அவற்றுக்கிடையே குளிரைத் தடுக்கும் நிரப்புப்பொருள் எதுவும் கிடையாது, வெற்றிடம்தான். உட்பக்கத்தில் இழைப்புளி படாத கரடான பலகைகளை வரிசையாக அறைந்து, அவற்றின்மேல் சாக்குத்துணி போன்ற மெல்லிய சணல்துணியை இழுத்துக் கட்டிச் சிறு ஆணிகளால் இறுக்கி, அத்துணிமேல் பூவேலைப்பாடு கொண்ட சுவர்த்தாளை ஒட்டினார்கள். பலத்த காற்று வீசும் இரவுகளில் பலகை இடுக்குகளின் வழியே காற்று புகுந்து, தாள் ஒட்டிய துணி அறைக்குள் உப்பி மீண்டும் அடங்கும். சுவர்த்தாள் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய செய்தித்தாள்களை ஒட்டினார்கள். வசதி வந்தபோது அதன்மேலேயே தாள் ஒட்டினார்கள். பத்திருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன்மேல் இன்னொன்று ஏறியது. இவ்வாறு சேர்ந்த அடுக்குகளை நீரால் நனைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கும் பாதுகாப்பு வல்லுநர்களால், தேதியிட்ட செய்தித்தாளைக் கொண்டு அறை எந்த ஆண்டு அளவில் மூடப்பட்டது என்பதையும், தாளின் தரத்தைக் கொண்டு எந்த ஆண்டுகளில் குடும்பத்தின் கையில் காசு புரண்டது என்பதையும் ஊகித்தறிய முடிகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வரிப்பதிவேடும் சொல்லாத செய்திகள் இவை.

மரமும் இரும்பும் இதுபோலவே ஆவணங்களாகின்றன. குழியில் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று கைவாளால் அறுத்த பலகையில் நேரான, இடைவெளி ஒழுங்கற்ற கோடுகள் இருக்கும். நீராவி மில்லின் வட்டவாள் அறுத்ததில் வில்போன்ற வளைகோடுகள் இருக்கும். தகட்டிலிருந்து வெட்டியெடுத்த நான்முக ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மறைந்து, கம்பியிலிருந்து செய்த உருண்டை ஆணிகள் வழக்குக்கு வந்தன. ஆகவே பின்னர் சேர்த்த அறை எது, முதலில் எழுந்த அறை எது என்பதைக் கூரைக்குள் ஏறிப் பார்ப்பவரால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். பெரிய மாளிகைக்கு வரைபடங்களும் ஒப்பந்தங்களும் கடிதங்களும் எஞ்சியிருக்கும். எளிய வீட்டுக்கு அந்த வீடே எஞ்சிய ஒரே ஆவணம் என்பதால், அதன் ஒவ்வொரு ஆணியும் மாளிகையின் ஆணியைவிடக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டின் வடிவம் குடும்பத்தோடு வளர்ந்தது. நடுவில் கதவும் இருபுறமும் ஒவ்வொரு சன்னலுமாக இரண்டு அறைகள், மேலே கூரைச்சரிவுக்குள் பிள்ளைகள் படுக்கும் பரண், பின்புறம் தாழ இறங்கும் சாய்ப்பில் சமையல், முற்றத்தின் கோடியில் கழிப்பிடம் என்பதே முதல் வடிவம். பிள்ளைகள் பெருகப் பெருகச் சாய்ப்பு நீண்டது. அடுத்த தலைமுறையில் அது சுவர் உயர்ந்து முழு அறையானது. முன்னால் தாழ்வாரம் ஒட்டிக்கொண்டது. சீவிய மரச்செதிள் வேய்ந்திருந்த கூரையை நெளிவுத் தகரம் மூடியது. இருபதாம் நூற்றாண்டில் குழாய்நீர் வந்தபின் குளியலறை உள்ளே வந்தது. 1880கள் முதல் அறுவை மில்கள் சன்னல், கதவு, தாழ்வாரத்து மரப்பின்னல் எல்லாவற்றையும் மொத்தமாகச் செய்து விலைப்பட்டியல் வழியே விற்கத் தொடங்கியபோது, கூலிவேலை செய்பவரின் வீட்டு முகப்பிலும் அலங்காரம் ஏறியது. 1905இல் ரிச்சர்ட் செடன் பிரதமராக இருந்தபோது தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் நிறைவேறி, வெலிங்டனை அடுத்த பெட்டோனி முதலிய இடங்களில் அரசே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டது. வாடகை அதிகமாக இருந்ததால் அத்திட்டம் நினைத்த அளவு வளரவில்லை. ஆயினும் 1937இல் தொடங்கிய பெரிய அரசு வீட்டுத் திட்டத்துக்கு அதுவே முன்னோடி; பெட்டோனியின் பேட்ரிக் தெரு வீடுகள் இன்று ஒரு மரபுரிமைத் தொகுதியாக மதிக்கப்படுகின்றன.

இத்தகைய வீடுகளை மரபுரிமையாகக் கருதும் நோக்கு மிக மெதுவாகவே உருவாயிற்று. நியூசிலாந்தில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வரலாற்று இடங்களுக்கான அறக்கட்டளை அமைந்தபோது அதன் கவனம் சமயப் பணி நிலையங்கள், போர்க்களங்கள், அரசுக் கட்டடங்கள் ஆகியவற்றின்மேல் இருந்தது. வெலிங்டனில் முதலில் நெடிய போராட்டத்துக்குப் பின் காக்கப்பட்டது, 1866இல் உள்நாட்டு மரத்தால் கட்டி முடிக்கப்பட்ட பழைய புனித பவுல் தேவாலயம். அரசு அதை 1967இல் வாங்கியது. கல்லில் செதுக்கியது போன்ற தோற்றத்தில் மரத்தால் 1876இல் எழுப்பப்பட்டு, உலகின் மிகப் பெரிய மரக்கட்டடங்களுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படும் அரசுச் செயலகக் கட்டடத்தின் மதிப்பைப் பற்றியும் ஐயம் எழவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் தோர்ன்டன் பகுதியைக் கிழித்துக்கொண்டு சென்ற நகர விரைவுச்சாலைக்காக வீடுகள் வரிசையாக இடிபட்டன. போல்டன் தெருக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 3,700 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அந்த இழப்பைக் கண்ணால் கண்ட தலைமுறைதான் சிறிய வீடுகளுக்காகவும் குரல் கொடுத்தது. நெய்ர்ன் தெரு வீடு தப்பியதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

உலக அளவில், 1964இல் வெனிஸ் நகரில் உருவான பாதுகாப்புச் சாசனம், பெருங்கலைப் படைப்புகள் மட்டுமன்றிக் காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய கட்டடங்களும் வரலாற்றுச் சின்னங்களே என்று ஏற்றுக்கொண்டது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற பழைய சுரங்க ஊரில் ஏற்கப்பட்ட சாசனம் இன்னும் ஒரு படி சென்றது. முதலில் ஓர் இடத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்று ஆராய்ந்தறிந்து, அதன் பிறகே அதில் கைவைக்க வேண்டும். தேவையான அளவு மட்டும் செய்து, இயன்றவரை குறைவாக மாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படை. நியூசிலாந்தில் தற்போது நடைமுறையில் உள்ள 2014ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டமும் அழகியல், தொல்லியல், கட்டடக்கலை, பண்பாடு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம், தொழில்நுட்பம், மரபு எனப் பல்வேறு கூறுகளில் ஏதேனும் ஒன்றிலாவது சிறப்பிருந்தால் ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்க்க இடமளிக்கிறது.

இக்கூறுகளை எளிய மரவீட்டுக்குப் பொருத்தும்போது ஓர் அடிப்படை முரண் எழுகிறது. பட்டியலிடும் முறை முழுவதும் தனிச்சிறப்பைத் தேடுவது; எளிய வீட்டின் பெருமையோ அது தன்போன்ற பல்லாயிரம் வீடுகளுள் ஒன்றாக இருந்தது என்பதில் உள்ளது. வரலாற்றாசிரியரின் பார்வையில் ஒரு மாளிகை ஒரு செல்வரைப் பற்றிச் சொல்கிறது. தச்சரின் வீடோ ஒரு நகரத்துப் பெரும்பான்மையினர் எவ்வளவு இடத்தில், எத்தனை பேர், எந்தக் குளிரில் வாழ்ந்தனர் என்று சொல்கிறது. ஆனால் பல்லாயிரமாக இருக்கும்வரை அதை எவரும் மதிப்பதில்லை. சிலவாக அருகியபின் அதன் அருமைக்காகவே பட்டியலில் சேர்க்கிறார்கள். இந்த முறை தவறானது. அருகிய பின் எஞ்சுபவை பெரும்பாலும் நன்றாகக் கட்டியவை, நல்ல மனையில் இருந்தவை, அக்கறையுள்ள வாரிசு வாய்த்தவை. மெலிந்த மரத்தில் அவசரமாகக் கட்டி வாடகைக்கு விட்டவை முதலிலேயே மறைந்துபோகின்றன. வீட்டைக் கட்டிய தச்சரே அதில் குடியிருந்ததும், குடும்பம் தலைமுறைகளாக அதை விட்டுப் போகாததும் நெய்ர்ன் தெரு வீட்டின் நற்பேறு. வாடகைக் குடியிருப்பாளர்களின் வீடுகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. எளிய வாழ்வின் சான்று என்று இன்று காட்டப்படுவது, உண்மையில் எளியவர்களுள் சற்று மேம்பட்டவர்களின் வாழ்வு என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த சிக்கல் அசல்தன்மை பற்றியது. மரம் மட்கும், மழை படும் பக்கத்துப் பலகைகளும் மண்ணைத் தொடும் அடிக்கால்களும் மாற்றப்பட்டே தீரும். நூற்றறுபது ஆண்டுக்குப் பின் வீட்டில் எவ்வளவு பழைய மரம் இருந்தால் அது பழைய வீடு? ஐரோப்பியக் கற்கட்டடங்களை மனத்தில் வைத்து வளர்ந்த கோட்பாடு மூலப்பொருளையே பெரிதும் போற்றியது. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம், அசல்தன்மையைப் பொருளில் மட்டுமன்றி வடிவம், பயன்பாடு, கைத்தொழில் மரபு, இடச்சூழல் ஆகியவற்றிலும் காணலாம் என்று வலியுறுத்தியது. இருபது ஆண்டுக்கொருமுறை முழுவதுமாகப் புதிதாய்க் கட்டப்படும் இசே ஆலயம் உள்ள நாட்டில் இக்கருத்து எழுந்தது இயல்பே. எளிய மரவீட்டுக்கு நாரா ஆவணத்தின் பார்வை பொருந்தும். ஆனால் முழுவதும் பொருந்தாது. பூசைமுறை போலத் தொடர்ந்து கற்பிக்கப்படும் தச்சுமரபு இங்கே இல்லை. குழியறுப்பும் பரண்வீட்டுத் தச்சும் நின்றுபோய் நூறாண்டுக்கு மேலாகிறது. ஆகவே இங்கே மரம்தான் அறிவின் கொள்கலம்; அதை மாற்றும்போது அந்த அறிவும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கவுரியும் முதிர்ந்த ரிமுவும் இனி வெட்டுவதற்கில்லை என்ற நிலையில், கழற்றிய பலகைக்கு ஈடான மரம் வேறொரு பழைய வீடு இடிபட்டால்தான் கிடைக்கும். அடிப்பகுதி மட்கிய பலகையை முழுவதும் வீசாமல் மட்கியதை மட்டும் சரிவாக வெட்டி அதே சரிவில் புதுத் துண்டை ஒட்டவைப்பதும், புதிய மரத்தின் கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஆண்டைப் பொறித்துவைப்பதும் இதனால்தான் நல்ல பழுதுபார்ப்பின் இலக்கணமாகின்றன.

பின்னாளில் சேர்ந்த பகுதிகளை என்ன செய்வது என்பதில் இன்னும் அதிகத் தவறுகள் நிகழ்ந்துள்ளன. தொடக்க வடிவத்துக்குத் திருப்புகிறோம் என்று சொல்லிச் சாய்ப்புகளையும் குளியலறைகளையும் லினோலியத் தரையையும் அகற்றி, இரண்டறைப் பொம்மை வீடாக்கிவிடுவது 1970களிலும் 80களிலும் பல நாடுகளில் பரவலாக இருந்தது. அழகான முகப்பும் சுத்தமான பழமையும் இதனால் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் பெண்கள் எந்த ஆண்டு வரை முற்றத்திலிருந்து வாளியில் நீர் சுமந்தார்கள், அடுப்புப்புகை எப்போது வீட்டைவிட்டு விலகியது, வெந்நீர் எப்போது உள்ளே வந்தது என்பவற்றுக்கான சான்று முழுவதும் பின்கட்டில்தான் இருந்தது. எளிய வீட்டின் மதிப்பு அது காலந்தோறும் மாறிவந்ததிலேயே இருக்கிறது என்றால், அந்த மாற்றங்களை நீக்குவது மதிப்பையே நீக்குவதாகும். தெருவிலிருந்து தெரியும் முகப்பைக் காத்துப் பின்கட்டை இடித்துக் கண்ணாடிக் கூடம் கட்டிக்கொள்ள அனுமதிக்கும் இன்றைய நடைமுறையும் இதே குறையுடையது.

இடம்பெயர்ப்பு இன்னொரு கேள்வி. நியூசிலாந்தில் மரவீட்டை அடிக்காலிலிருந்து அறுத்து லாரியில் ஏற்றி வேறூருக்குக் கொண்டுபோய் நிறுத்துவது அன்றாட வணிகம். இடிப்பதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை; எனினும் அயல்வீடும் சரிவும் தெருவும் இல்லாத வீடு பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது. தொடக்கம் முதலே பிரித்துக் கூட்டக்கூடிய பொருளாக அது இருந்ததால் இடம்பெயர்ப்பு அதன் இயல்புக்கு முரணாகாது என்று வாதிடுவோரும் உண்டு. அவ்வாதம் கட்டுமானத்துக்குப் பொருந்தலாம், அக்கம்பக்கத்து வாழ்வுக்குப் பொருந்தாது.

எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி நிலத்தைப் பற்றியது. குடியேறிகளின் வீடுகள் எழுந்த நிலத்தை 1839இல், குடியேற்றத்தை ஏற்பாடு செய்த நியூசிலாந்து கம்பெனி வாங்கியதாகச் சொன்னது. வெலிங்டன் பகுதி மாவோரி மக்களின் முறையீடுகளை விசாரித்து 2003இல் அறிக்கை வெளியிட்ட வைத்தாங்கித் தீர்ப்பாயம், அந்த விற்பனைப் பத்திரம் செல்லாது என்றே முடிவுக்கு வந்தது. நெய்ர்ன் தெருவுக்குக் கீழே கடலோரமாக டெ ஆரோ பா என்ற மாவோரிக் குடியிருப்பு இருந்தது. குடியேற்றம் நெருக்க நெருக்க அங்கிருந்த மக்கள் கலைந்துபோக, அதன்மேல் நகரம் எழுந்தது. 2005இல் தாரநாக்கித் தெருவில் அடுக்குமாடி கட்ட அடித்தளம் தோண்டியபோது, பொங்கா எனப்படும் மரப்பெரணியின் தண்டுகளை நெருக்கமாக நட்டுச் சுவராக்கிய 1840களின் குடில்களின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. புதிய கட்டடத்தின் தரைத்தளத்தில் கண்ணாடிக்குப் பின்னே இன்று அவற்றைக் காணலாம். தச்சர் வாலிஸின் வீட்டைப் போலவே இவையும் எளிய மர இல்லங்கள், அதைவிட மூத்தவை. ஒன்று கூரையும் தோட்டமும் பெயரும் கொண்டு நிற்க, மற்றொன்று சில அடி உயர முளைகளாக மண்ணுக்குள் எஞ்சியதற்கு மரத்தின் உறுதி காரணமன்று. குடியேறிகளின் வீட்டைக் கடின உழைப்பின் கதையாக மட்டும் சொல்லும் அருங்காட்சியகம் பாதிக் கதையே சொல்கிறது. ஒரே நகரத்தின் இவ்விரு வீடுகளையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் அவை ஒவ்வொன்றின் மதிப்பும் முழுமை பெறுகிறது.

காக்கப்பட்ட வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வியே. ஆக்லாந்தின் ஃப்ரீமன்ஸ் பே பகுதியில் இருந்த சிறிய மரவீடுகள் 1950களில் சேரி என்று முத்திரை குத்தப்பட்டு, இடித்துச் சீரமைக்க வேண்டிய பகுதியாக அறிவிக்கப்பட்டன. அருகிலுள்ள பொன்சன்பியின் மலிவான வாடகை வீடுகளில் மாவோரி மக்களும், தொழிற்சாலை வேலைக்காக வந்த சமோவா, டோங்கா முதலிய தீவுகளின் மக்களும் குடியேறினர். 1971இல் பாலினீசியன் பாந்தர்ஸ் என்ற உரிமை இயக்கம் அங்கேதான் பிறந்தது. விசாக்காலம் முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் போலீசார் கதவைத் தட்டிய 1970களின் கெடுபிடிகளையும் அதே வீடுகள் கண்டன. பிறகு பழைய வீட்டின் அழகை நடுத்தர வகுப்பு கண்டுகொள்ள, பழுதுபார்க்கப்பட்ட வீடுகளின் விலை ஏறி, அத்தீவு மக்கள் நகரத்தின் தெற்குப் புறநகர்களுக்குத் தள்ளப்பட்டார்கள். இன்று அத்தெருக்களின் தனித்தன்மை சிறப்பு விதிகளால் காக்கப்படுகிறது. ஆனால் 1890ஐக் காட்டும் மரப்பின்னல் காக்கப்படும் அளவுக்கு 1975ஐக் காட்டும் எதுவும் காக்கப்படவில்லை. சமூக மதிப்பு என்று சட்டம் சொல்வது இக்குடும்பங்களின் நினைவையும் உட்கொண்டதாக இருந்தால், அவர்களின் வாய்மொழிப் பதிவுகள் வீட்டின் மரபுரிமைக் கோப்பில் பலகையின் அளவுகளோடு ஒருசேர இடம்பெற வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு பலர் நினைப்பதைவிட மெலிந்தது. நாட்டளவிலான மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டதாலேயே ஒரு வீட்டை இடிக்க முடியாது என்றாகிவிடுவதில்லை. உள்ளூர் மாநகராட்சியின் திட்ட விதிகளில் அது இடம்பெற்றால்தான் உண்மையான தடை வருகிறது. 1900க்கு முற்பட்ட கட்டடம் ஒன்றை முழுவதும் இடிப்பதற்குத் தொல்லியல் அனுமதி வேண்டும் என்ற விதி ஒன்று உண்டு. அனுமதி பெரும்பாலும் பதிவுசெய்யும் நிபந்தனையோடு வழங்கப்படுகிறது. இதற்கு அப்பால், தனித்தனி வீடுகளைப் பட்டியலிடாமல் ஒரு பகுதியின் பழைய தோற்றத்தை மொத்தமாகக் காக்கும் முறையை வெலிங்டனும் ஆக்லாந்தும் பின்பற்றின. வெலிங்டனின் சில பகுதிகளில் 1930க்கு முன் கட்டிய வீட்டை இடிக்க முன்னனுமதி பெற வேண்டியிருந்தது. வீட்டுப் பற்றாக்குறையும் வாடகையும் கடுமையாக ஏறியபின் இம்முறை கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. விரைவுப் போக்குவரத்து நிலையங்களை ஒட்டி குறைந்தது ஆறு மாடி உயரத்தை அனுமதிக்க வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டு தேசியக் கொள்கைக்குப் பின், 2024இல் வெலிங்டன் தன் பழந்தோற்றப் பகுதிகளைக் கணிசமாகச் சுருக்கிக்கொண்டது.

குளிர்ந்து ஈரம் கசியும் வீட்டில் அதிக வாடகை கொடுத்து வாழும் இளைஞரிடம் மரப்பின்னலின் அருமையைப் பேசுவது நியாயமாகாது. அந்த விமரிசனத்தில் பெரிய உண்மை இருக்கிறது. ஒரு பகுதியின் எல்லா வீடுகளையும் தோற்றத்துக்காக உறையவைக்கும் விதி மரபுரிமையின் பெயரால் மனைவிலையைக் காத்ததும் உண்டு. எனினும், தோற்ற விதிகள் நீங்கும்போது அவற்றோடு சேர்ந்து ஆராயப்படாத வீடுகளும் மறைவது வேறொரு இழப்பு. தோற்ற விதி ஒருபோதும் காத்திராத உட்புறங்களே அவற்றின் வளமான பகுதி. சணல்துணியும் செய்தித்தாளும் ஒட்டிய ஒரு சுவர், குளிர்த்தடுப்பு நிரப்புவதற்காக ஒரே பிற்பகலில் உரித்தெடுக்கப்பட்டு வெளியேறிவிடுகிறது. அதற்கு எந்தப் பதிவும் இல்லை. குளிர்த்தடுப்பு கட்டாயம் தேவை. தரைக்கடியிலும் கூரைப்பரணிலும் அதை இடுவதால் சுவருக்கு எந்தச் சேதமும் நேராது என்பதால் அங்கே தொடங்குவதே முறை. சுவர்களைத் திறக்க நேரும்போது ஒவ்வோர் அறையிலும் ஒரு முழத்துண்டையாவது அப்படியே விட்டுவைப்பதும், மீதியை அடுக்கடுக்காகப் படமெடுத்து ஆண்டோடு உள்ளூர் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

மரவீட்டின் நாட்களைக் குறைப்பவை பெரும்பாலும் சிறு கவனக்குறைவுகளே. தரைக்கடியில் காற்றோட்டத்துக்காக விட்ட துளைகளைத் தோட்டமண் மூடினால் ஈரம் தங்கி, மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் புழுக்கள் பெருகும்; பழைய காரீயச் சாயத்தைத் தீயால் கருக்கி உரித்தால் நச்சுப்புகையோடு வீடே பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு; காற்று புகாத பிளாஸ்டிக் சாயம் பூசினால் பலகைக்குள் தேங்கிய ஈரம் வெளியேற வழியின்றி மட்கலைத் தொடங்கும். பெருந்தொகை செலவிட்டு ஒரு வீட்டை அருங்காட்சியகமாக்குவதைவிட, குடியிருப்போர் உள்ள நூறு வீடுகளின் கூரைச்சரிவில் நீர்ப்போக்கியைச் சீர்செய்து, அடிக்கால்களை மாற்றி, ஆபத்தான பழைய செங்கல் புகைபோக்கியைக் கூரைமட்டம் வரை இறக்கிப் பலப்படுத்த மானியம் தருவது கூடுதல் பயன் தரும். நெய்ர்ன் தெருவிலுள்ளது போன்ற ஓரிரு வீடுகள் ஒரு காலத்தை முழுமையாகக் காட்டுவதற்கு வேண்டும். மற்றவை மக்கள் வாழ்ந்துகொண்டே பழுதுபார்க்கும் வீடுகளாக இருக்க வேண்டும், சாய்ப்பும் குளியலறையும் 1950களின் சமையலறை அலமாரியும் உள்பட.